வழியில் ஏற்றிய மூட்டை

1

இந்த நாட்டுக்கு வந்து முப்பது ஆண்டு நிறைந்த அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டர்டாம் துறைமுகத்தில், எந்தக் கன்டெய்னரை எந்தக் கப்பலில் எந்த அடுக்கில் வைப்பது என்று கணினியில் திட்டம் போடுகிற வேலை எனக்கு. பக்கத்து மேஜை டச்சுக்காரன் யான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினான். வீட்டில் என் மனைவி லீலாவுக்கும் நினைவில்லை. நல்லது, நாமே நினைத்துக்கொள்வோம் என்று மத்தியானம் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் மென்றுகொண்டிருந்தபோது, தூத்துக்குடியிலிருந்து சுயம்பு அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்.

பிளெக்ஸ் போர்டு. எங்கள் பலசரக்கு மொத்தக் கடை வாசலில், மாடி வரைக்கும் உயரமாகக் கட்டியிருந்தார்கள். நடுவில் என் மகள் மாரி. அவளுக்குப் பின்னால் நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு ராக்கெட். அவளுக்கும் ராக்கெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறது என்று ஆனதிலிருந்து எங்கள் பக்கத்தில் வானம் என்றாலே ராக்கெட்தான். ‘அண்டத்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்த எங்கள் குலவிளக்கே வருக வருக’ என்று தங்க எழுத்து. கீழே இரண்டு வட்டங்களில் அண்ணனும் நானும் கைகூப்பி நின்றோம். அந்தப் பக்கம் போயிருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வேறு நாளாக இருந்தால் ஆபீஸ் முழுக்க அந்தப் படத்தைச் சுற்றிக் காட்டியிருப்பேன். அன்றைக்குப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மாரி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தாள் என்று ஊரில் சொன்னவன் நான். அதனால் அவள் என்னோடு பேசுவதை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

2

இந்தச் சங்கடமெல்லாம் என் பெயரில் ஆரம்பித்தது என்றுதான் நினைக்கிறேன்.

மாரி பிறந்தபோது பெயரைப் பதிய நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள் அங்கிருந்த அம்மாள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான் என்று அரைகுறை டச்சில் விளக்கினேன். "எல்லோருக்கும் ஒன்று இருக்கும், நிதானமாக யோசித்துப் பாருங்கள்" என்றாள், மறந்துவிட்டேன் என்பதுபோல. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் என் பெயரையே அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டாள். சந்தனமாரி தங்கராஜ். குலதெய்வத்தின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால்.

இங்கே பெரிய விஷயங்களுக்கெல்லாம், பின்னால் உள்ள பெயரைத்தான் எடுப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. மாரி வானியல் படித்து, லைடன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, அவள் எழுதிய முதல் கட்டுரை வெளிவந்தபோதுதான் தெரிந்தது. வேறு யாரோ ஒரு அமெரிக்கர் தன் கட்டுரையில் அதை மேற்கோள் காட்டியிருந்தார். ‘தங்கராஜும் பிறரும்’ என்று. ஆகா! நான் பத்தாம் வகுப்புத் தேறியபோது பேப்பரில் என் நம்பர்தான் வந்தது, பெயர் வரவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் கையெழுத்து முதலாளியுடையது, வேலை என்னுடையது. இங்கே வந்தும் என் பெயரை ஒருவனும் முழுதாகச் சொன்னதில்லை, ‘ராஜ்’ என்று வெட்டிவிட்டார்கள். இப்போது பார், அமெரிக்காக்காரன் முழுதாக எழுதுகிறான்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டினேன். மாரி சிரித்தாள். "அப்பா, அது நான். நீங்க இல்ல."

"பேரு யார் பேரு?" என்றேன். அவள் இரண்டாவது முறை சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

3

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை, இதைப் படிக்கிற உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும். போன முறை சொன்னபோது கெடுத்துவிட்டேன்.

நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் ஒரு பெரிய கருந்துளை. அதற்குள் விழப்போகிற வாயு சூடேறி, கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்தாலும் வராத வெளிச்சத்தோடு எரிகிறது. அதற்குக் குவேசார் என்று பெயர். நமக்கும் அதற்கும் நேர் நடுவே வேறொரு நட்சத்திர மண்டலம் குறுக்கே நிற்கிறது. அந்த மண்டலத்தின் ஈர்ப்பு வெளிச்சத்தை இரண்டு பக்கமும் வளைத்துவிடுவதால், ஒரே குவேசார் நமக்கு இரண்டு புள்ளிகளாகத் தெரிகிறது. இரண்டு வழிகளும் ஒரே நீளம் இல்லை. ஒரு வழியில் கிளம்பியது முன்னால் வரும், மற்றது மாதக்கணக்கில் பிந்தி வரும். கருந்துளையின் வாயருகிலிருந்து வருவது எக்ஸ்ரே. அது திடீரென்று கூடும், திடீரென்று குறையும். நம் காற்றுமண்டலம் அதை உள்ளே விடாது என்பதால் செயற்கைக்கோளிலிருந்துதான் பார்க்க முடியும். அந்தக் கூடுதல் குறைவுதான் மாரியின் பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி தின்றுகொண்டே சொன்னாள். முதல் புள்ளியில் எக்ஸ்ரே சட்டென்று பெருகியிருக்கிறதாம். அது அந்தக் குவேசாரிலேயே நடந்ததாக இருக்கலாம். அப்படியானால் அதே பெருக்கம் ஐந்து மாதம் கழித்து இரண்டாவது புள்ளியிலும் வரும். நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்து, காத்திருந்து, ஆரம்பம் முதல் பார்க்கலாம். வானியலில் அப்படி வாய்ப்பது லேசு இல்லை.

"இல்லன்னா?" என்று லீலா கேட்டாள்.

"இல்லன்னா நடுவுல நிக்க மண்டலத்துல ஏதோ ஒரு நட்சத்திரம் அந்த ஒரு வழிக்கு மட்டும் குறுக்க போயிருக்கும். அது பூதக்கண்ணாடி மாதிரி பெருசாக்கிக் காட்டும். அப்போ ரெண்டாவதுல வராது."

எனக்கு அண்ணனின் லாரிகள் ஞாபகம் வந்தன. "இது நம்ம கடைச் சோலிலா" என்றேன். மதுரையில் ஒரே கிட்டங்கியில், அதாவது கோடவுனில், ஒரே சரக்கை ஏற்றிக்கொண்டு இரண்டு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்புகிறது. ஒன்று எட்டயபுரம் வழி, ஒன்று திருநெல்வேலியைச் சுற்றி. முதல் லாரி வந்து நின்றதும் பார்த்தால் மூட்டை அதிகமாக இருக்கிறது. கிட்டங்கியிலேயே அதிகமாக ஏற்றிவிட்டார்களா, வழியில் யாராவது ஏற்றிவிட்டார்களா? இரண்டாவது லாரி வந்தால்தான் தெரியும். இளவயதில் கடையில் நான் நின்ற நாட்களில் லாரி வந்ததும் அண்ணன் மூட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போன் போட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: "ஏத்துனது ஏத்துனபடி வந்து சேந்துட்டு." அதைச் சொன்ன பிறகுதான் டிரைவருக்கு டீ.

மாரி கையைத் துடைத்துக்கொண்டே, "அப்பா, எங்க புரபசர் சொல்றதவிட இது நல்லா இருக்கு" என்றாள். அந்த வார்த்தையோடு நான் அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. அவளுடைய அறையில் கூட வேலை பார்க்கும் நாலைந்து பேர் விளையாட்டாக அதைத் ‘தங்கராஜ் வெளிச்சம்’ என்று கூப்பிடுவதாகவும் பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தாள்.

அவள் பஸ் ஏறியதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ‘நம் மாரி விண்வெளியில் ஒரு பேரொளியைக் கண்டுபிடித்திருக்கிறாள். அது மீண்டும் தோன்றப்போகும் மாதத்தையும் கணித்துவிட்டாள். உலக விஞ்ஞானிகள் அதற்குத் தங்கராஜ் ஒளி என்று பெயர் சூட்டியுள்ளனர்.’

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? அண்ணன் அதை வியாபாரிகள் சங்கத்துக்கு அனுப்பினார். சங்கத்திலிருந்து யாரோ உள்ளூர் இணையப் பத்திரிகைக்கு அனுப்பினார். அதில், ‘முத்துநகர் மங்கையின் விண்வெளிச் சாதனை’. மறுநாள் நான் ஆபீசுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனேன். இங்கே நல்ல சேதி யாருக்கோ அவர்தான் கேக் வாங்க வேண்டும். பிள்ளைக்கு நல்லது நடந்தால் அப்பனுக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த ஒரே வழக்கம் அது. யான் கையைக் குலுக்கி, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "உறுதியாகிவிட்டதா?" என்று கேட்டான்.

வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

4

அந்த இணையப் பத்திரிகைச் செய்தி லைடனுக்குப் போய்ச் சேர்ந்தது. மாரியின் ஆராய்ச்சிக் குழுவில் சென்னைப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. சந்தோஷப்பட்டு, வாரக் கூட்டத்தில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். உறுதியாகாத ஒன்றை வெளியில் அறிவித்தது யார், அதுவும் மொத்தக் குழுவின் உழைப்புக்கு ஒருத்தியின் பெயரைச் சூட்டி, என்று அவளுடைய பேராசிரியர் அம்மாள் கேட்டாராம். சத்தம் போடவில்லை. இங்கே யாரும் சத்தம் போடுவதில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலம் மாரி வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நான் ‘இருக்கலாம்’னுதான சொன்னேன். அந்த ‘இருக்கலாம்’ எங்கப்பா போச்சு?"

"ஊர்ல அப்டியெல்லாம் இழுத்துச் சொன்னா யாருக்கு வெளங்கும்? ஒரு சந்தோசத்துல..."

"உங்க சந்தோசம். என் வேலை." அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அவங்க எல்லாரும் நாந்தான் சொல்லச் சொன்னேன்னு நெனக்காங்க. எங்க அப்பா பண்ணினார்னு சொல்ல எனக்கு அசிங்கமா இருந்துச்சு. அதனால சொல்லல."

அதாவது என் குற்றத்தை அவள் தன் தலையில் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நிமிஷமே குழுவில் திருத்தம் போட்டிருக்க வேண்டும். அதைவிட்டு, "எப்படியும் ரெண்டாவது வரத்தான போவுது, வந்துட்டா எல்லாஞ் சரியாயிரும்லா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றைக்குப் பிறகு அம்மாவோடு மட்டும் பேசினாள்.

எதிர்பார்த்த அந்த மாதம் வந்தது. செயற்கைக்கோள் பார்த்தது. இரண்டாவது புள்ளி தன்பாட்டுக்குச் சாதுவாக இருந்தது. அடுத்த வாரமும் பார்த்தார்கள், அதற்கடுத்த வாரமும் பார்த்தார்கள். லீலா போனை வைத்துவிட்டு, "வரலையாம்" என்றாள்.

"இன்னுங் கொஞ்ச நாள் பாக்கச் சொல்லு" என்றேன், திருச்செந்தூர் பஸ் லேட் என்பதுபோல.

"அவ அழுதா" என்றாள் லீலா.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வரவில்லை என்று கேட்டதும் என் நெஞ்சில் முதலில் வந்த முகம் என் மகளுடையது இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற மதினிமார், மச்சினன்மார் முகங்கள்தான் வந்தன. அவள் அழுதாள் என்று லீலா சொன்ன பிறகுதான் மாரி வந்தாள். என்ன அப்பன் நான் என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிளெக்ஸ் படம் வந்தது இதற்கெல்லாம் பிறகு. வியாபாரிகள் சங்க ஆண்டு விழாவில் மாரிக்குப் பாராட்டு, டிக்கெட்டைப் போடு என்று அண்ணன் கட்டளை. மாரி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி, துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களை ஒவ்வொன்றாகக் காட்டிய பெரியப்பா அவர். அவருக்காக வர ஒப்புக்கொண்டாள். எனக்கு ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: ‘வாரேன். அதுக்கு முன்னாடி நீங்க பெரியப்பாகிட்ட உண்மையச் சொல்லிரணும்.’

சரி என்று பதில் போட்டேன். அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"ஏலே தங்கம்! சொல்லுல."

"அண்ணே, ஒரு விசயம்..."

"மண்டபம் புடிச்சாச்சு. சாப்பாடு சொல்லியாச்சு. பூரா கடைக்காரனும் வாரான். நேத்து பாரு, உப்பளத்துக்காரரு கடைக்கு வந்து, ஒம் தம்பி மவ கெட்டிக்காரிலான்னு கையப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்காரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுல. என்ன விசயம்?"

"மழ உண்டுமாண்ணே அங்கன?"

"மழைக்கா போன் போட்ட, கோட்டிப்பயல!"

அடுத்த முறை வெங்காய விலை கேட்டேன். அதற்கடுத்த முறை அவருடைய சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். அப்படியே விமானம் ஏறிவிட்டேன்.

5

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து மாரியும் நானும் நேராகக் கடைக்குத்தான் போனோம். பிளெக்ஸைக் கண்டதும் மாரி காரிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ராக்கெட்டைப் பார்த்தாள். ‘கண்டுபிடித்த’ என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஏளா மாரி! என்ன இப்டி மெலிஞ்சு போயிட்ட? ரொட்டியத் தின்னா ஒடம்பு எப்படித் தேறும்?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பா, அப்பா எல்லாஞ் சொன்னாங்கல்ல?" என்றாள்.

"என்னத்தளா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. சொல்லியிருக்கமாட்டேன் என்று முன்னமே தெரிந்து, ஆனாலும் ஒரு நப்பாசையில் கேட்டுப் பார்த்தவள் முகம். மசாலா வாடையும் மூட்டை தூக்குகிறவர்கள் சத்தமுமாக இருந்த அந்தக் கடைக்குள், கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் அண்ணனிடம் சொல்லி முடித்தேன். ஒளி இரண்டாம் முறை வரவில்லை, உலக விஞ்ஞானிகள் பெயர் வைக்கவில்லை, எல்லாம் நான் கூட்டிச் சொன்னது.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.  பிறகு குரலை இறக்கி, "சரி, விடு. வெளிய யாருக்குத் தெரியும்? அது வானத்துல வந்துச்சா வரலையான்னு இங்கன எவன் ஏறிப் பாத்தான்? நீயும் வாயத் தொறக்காத, பிள்ளையும் சும்மா நன்றி சொல்லிட்டு உக்காரட்டும். முடிஞ்சுது" என்றார்.

நான் தலையாட்டினேன்.

வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் தலையாட்டியிருக்கிறேன். முதலாளி முன்னால், விசா அதிகாரி முன்னால், வீட்டுக்காரர் முன்னால். அப்போதெல்லாம் பிழைப்புக்கு. இந்தத் தலையாட்டல் எதற்கு? என் மகள் பார்த்துக்கொண்டே நிற்க, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் சம்மதித்தேன். அவள் போய்க் காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

6

மண்டபத்தில் கூட்டம் நெரித்தது. மாரி போய் உட்காருவதற்குள் எங்கள் மதினி ஒருத்தி ஆஸ்பத்திரி உறையோடு வந்துவிட்டாள். "எக்ஸ்ரே படிச்ச பிள்ளைன்னு சொன்னாவ. இந்தக் கால் முட்டு எப்டி இருக்குன்னு பாத்துச் சொல்லுதியா, தாயி?" மாரி அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எலும்பைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "எனக்கு இது தெரியாது அத்தை, டாக்டர்கிட்ட கேளுங்க" என்றாள். மதினிக்கு ஏமாற்றம். அந்த ஏமாற்றத்துக்கும் கணக்கு என் பேரில்தான் எழுத வேண்டும்.

பொன்னாடை போர்த்தினார்கள். சிப்பி வடிவத்தில், நடுவில் பிளாஸ்டிக் முத்து வைத்த நினைவுப் பரிசு கொடுத்தார்கள். அண்ணன் மைக்கில் நாலு வார்த்தை பேசினார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். கடைசியில் மாரியை அழைத்தார்கள்.

அவள் மைக்கின் முன்னால் நின்று, கையெழுத்துப் பழகுகிறவள் எழுத்தெழுத்தாக எழுதுவதுபோல் பேசினாள். "எல்லாருக்கும் வணக்கம். நான் எதையும் கண்டுபிடிக்கல. ஒண்ணு வரும்னு நெனச்சோம். அது வரல."

 மண்டபமே கைதட்டியது. "என்ன அடக்கம் பாத்தியா!" என்றார் எனக்குப் பின்னால் ஒருவர். "நெறகொடம்லா, தளும்பாது" என்றார் இன்னொருவர். ஸ்பீக்கர்காரன் வாழ்த்து இசை வேறு போட்டுவிட்டான். மாரி கையை ஆட்டி, இல்லை, இல்லை என்கிறாள். அவள் ஆட்ட ஆட்டக் கைதட்டல் கூடுகிறது. உண்மையைச் சொல்லியும் நம்பமாட்டேன் என்கிற கூட்டத்தின் முன்னால் அவள் தன்னந்தனியாக நின்றாள். அங்கிருந்து என்னைத் தேடினாள்.

நான் எழுந்தேன்.  மேடையேறி மைக்கை வாங்கினேன்.

"அண்ணாச்சிமாரே, பிள்ளை அடக்கத்துக்குச் சொல்லல. நெசத்தச் சொல்லுதா. நம்ம பாசையில நான் சொல்லுதேன், கேளுங்க."

லாரிக் கதையைச் சொன்னேன். ஒரே கிட்டங்கி, ஒரே சரக்கு, இரண்டு வழி. முதல் லாரியில் மூட்டை அதிகம் என்று மாரி பார்த்தாள். கிட்டங்கியில் ஏற்றியதாக இருக்கலாம், இரண்டாவது லாரி வரட்டும், அதுவரைக்கும் சொல்ல முடியாது என்றுதான் அவள் சொன்னாள். இரண்டாவது லாரி வந்துவிட்டது. அதில் அதிகம் இல்லை. வியாபாரிகள் கூட்டம் அல்லவா, பாதியிலேயே பிடித்துக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பந்தியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பி உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் வெங்காய மண்டி அண்ணாச்சி ஒருவர், சரக்கு என்றால் விடமாட்டார், உட்கார்ந்தபடியே கேட்டார்:

"அப்போ வழியில ஏத்துனது யாரு வே?"

"வானத்துல ஒரு நட்சத்திரமா இருக்கலாம் அண்ணாச்சி" என்றேன்.  "ஊர்ல நான்தான். எம் பிள்ளை ‘இருக்கலாம்’னு அனுப்புனா. நான் ‘கண்டுபிடிச்சா’ன்னு ஏத்தி அனுப்புனேன். போர்டுல நிக்கது அவ கொடுத்த சரக்கு இல்ல, நான் வழியில போட்ட மூட்டை."

சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, எங்கள் ஊர்ச் சிரிப்பு. "நல்லா ஏத்துனீரு வே, லாரியே குடை சாஞ்சிட்டு" என்றார் மண்டி அண்ணாச்சி. இன்னும் பெரிய சிரிப்பு. நான் வளர்ந்த ஊர், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். காது மடல் வரைக்கும் எரிந்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூட்டை ஏற்றியபோது அவரும் கூட நின்று கைகொடுத்தவர்தானே என்று கூட்டம் நினைக்கும். அந்த அவமானத்தையும் அவருக்கு நான்தான் தேடிக் கொடுத்தேன்.

திரும்பும்போது காரில் மாரி நெடுநேரம் சிப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, "லாரிக் கதைய நல்லா சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான். நான் அழாமல் இருக்க வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் கிளம்பிய அன்று அண்ணன் வழியனுப்ப வரவில்லை. டிரைவரை அனுப்பினார்.

7

இதெல்லாம் நடந்து இங்கே ஒரு குளிர்காலம் போய்விட்டது. பிளெக்ஸைக் கழற்றி லாரியில் வெங்காய மூட்டைக்கு மேல் மழைக்குப் போர்த்துகிறார்களாம், அண்ணன் மருமகள் லீலாவிடம் சொன்னாள். மாரி, ராக்கெட், இரண்டு வட்டம் எல்லாமாக மதுரை போய்த் தூத்துக்குடி வருகிறோம் போலிருக்கிறது. குழுவில் அண்ணன் தினமும் காலை வணக்கம் போடுவார். நான் ஏதாவது எழுதினால் அதற்குப் பதில் வராது. நானும் அதிகம் எழுதுவதை விட்டுவிட்டேன். பேசத் தெரியாதவன் பேசாமல் இருப்பது பெரிய விரதம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான்.

போன ஞாயிறு மாரி வந்தாள். அவள் கட்டுரை வெளிவந்துவிட்டது. எதிர்பார்த்த பெருக்கம் வரவில்லை என்பதுதான் கட்டுரையே. அப்படியும் ஒரு கட்டுரை எழுதலாமா என்று கேட்டேன். எழுதத்தான் வேண்டும் என்றாள். நடுவில் ஒரு நட்சத்திரம் குறுக்கே போய்ப் பெரிதாக்கிக் காட்டியிருந்தால், அந்தப் பெருக்கம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கியது என்பதை வைத்து, கருந்துளையின் வாயருகில் எரிகிற இடம் எவ்வளவு சின்னது என்று மதிப்பிடலாமாம். வராததிலும் ஒரு விஷயம் இருக்கிறது. முதல் பக்கத்தில் முதல் பெயர், தங்கராஜ். நான் அதை அச்செடுக்கவில்லை. சமையலறைச் சுவரில் பழையது ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தழும்பு மட்டும் இருக்கிறது.

இட்லியைப் பிட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "இத ஊருக்கு அனுப்பலையாப்பா?"

 போனை எடுத்து எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அனுப்பும் முன் அவளிடம் நீட்டினேன்.

‘மாரியின் கட்டுரை வெளிவந்திருக்கிறது. வரும் என்று நினைத்த ஒளி வரவில்லை. நடுவில் ஒரு நட்சத்திரம் குறுக்கே போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாள்.’

அவள் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ‘போயிருக்கலாம்’ என்ற இடத்தில் விரல் நின்றது. "அனுப்புங்க" என்றாள்.

அனுப்பினேன். நாலைந்து பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒரு மதினி கைகூப்பினாள். அதற்குமேல் ஒன்றும் வராது என்று போனை மேஜையில் வைத்துவிட்டு, மாரிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றினேன். அப்போது அது ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் சுயம்பு அண்ணன்.

‘ஏத்துனது ஏத்துனபடி வந்து சேந்துட்டு.’